திருவானைக்காவலிலிருந்து ஆண்ட்ரோமேடா வரை: ஒரு கணக்கின் வரலாறு



நம் மன்னார்புரத்திலிருந்து வடக்கே சென்று காவிரியைக் கடந்தால் திருவானைக்காவல் வருகிறது. 1888-ஆம் ஆண்டு சர் சி.வி. இராமன் பிறந்த ஊர் அது. அவருடைய தமையனார் சுப்பிரமணிய ஐயரின் மகன் சந்திரசேகர். 1910-இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர்.

1930-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற அந்தப் பத்தொன்பது வயது இளைஞர், கப்பல் பயணத்திலேயே ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே சுருங்கும். அதனுள் நெருக்குண்ட எலக்ட்ரான்களின் எதிர்விசை அச்சுருக்கத்தைத் தாங்கி நிறுத்தினால் அது வெண்குறுமீனாக நிலைக்கும். ஆனால் அத்தாங்குதிறனுக்கும் ஓர் எல்லை உண்டு. எஞ்சிய பொருள் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் எலக்ட்ரான்களால் தாங்க இயலாது, சுருக்கம் தொடரும். கருந்துளைக்கு இட்டுச் செல்லும் பாதை அங்கே திறந்தது.

1935 ஜனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகத்தில் அவர் இதனை எடுத்துரைத்தார். உடனே எழுந்தார் ஆர்தர் எடிங்டன். அக்காலத்தின் தலைசிறந்த வானியலறிஞர். விண்மீன் அவ்வாறு நடந்துகொள்ள இயற்கை இடமளிக்காது என்று கூறி முடிவை நிராகரித்தார். அவை அவர் பக்கமே சாய்ந்தது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பவுலி போன்ற பெரும் இயற்பியலாளர்கள் சந்திரசேகரே சரி என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டனர். வெளிப்படையாகச் சொல்ல முன்வரவில்லை. அறிந்த சாட்சியை மறைப்பது எத்துணைக் கடுமையான செயல் என்பதை மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளும் அறிவர். ஒருவருடைய புகழைக் கண்டு பேரவை வாய்மூடிய வேளையில், இளைஞர் ஒருவரின் ஆதாரம் தனித்து நின்றது.

சந்திரசேகர் பகைமை பாராட்டவில்லை. எடிங்டனுடன் நட்பைப் பேணினார். பிற்காலத்தில் அவருடைய நூற்றாண்டையொட்டி அவரைப் போற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். கருத்து வேறுபாட்டில் அதபு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ? 1983-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஒளியை வெளிவிடாத கருந்துளையைக் காண்பது எங்ஙனம்? அருகிலுள்ள விண்மீனின் வாயு அதனை நோக்கிச் சுழன்று விழுகையில் பல இலட்சம் பாகை வெப்பமடைந்து எக்ஸ் கதிர்களை வீசும். நம் வளிமண்டலம் அக்கதிர்களைத் தடுத்துவிடுவதால், கருவியை விண்ணுக்கே அனுப்ப வேண்டும். 1999 ஜூலை 23 அன்று நாசா அவ்வாறு அனுப்பிய தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்றே பெயர். சுருள் மண்டலமான எம்33-இல் சூரியனைப் போல் ஏறத்தாழ 16 மடங்கு பொருளுடைய கருந்துளை ஒன்றை அளந்தறிய 2007-இல் அது துணைபுரிந்தது. அண்டைச் சுருள் மண்டலமான ஆண்ட்ரோமேடாவில், கருந்துளைகளாக இருக்கக்கூடிய 26 புதிய எக்ஸ் கதிர் மூலங்கள் அதன் தரவுகளிலிருந்து 2013-இல் அறிவிக்கப்பட்டன.

சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதே ஆண்ட்ரோமேடாவை, தொலைநோக்கி தோன்றாத 964-ஆம் ஆண்டிலேயே சிறு மேகம் போன்றதெனப் பதிவு செய்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. தாம் கண்டதைக் கண்டவாறு எழுதியதே அவருடைய சிறப்பு.

இன்று நம்மிற் சிலர், புதிய கண்டுபிடிப்பு வெளியானதும் அதனை இறைவசனம் ஒன்றோடு அவசரமாகப் பொருத்திப் பகிர்கின்றனர். ஹதீஸுக்கு இஸ்னாதை ஆராயும் சமுதாயம் நாம். வானத்தைப் பற்றிய செய்திக்கும் ஆதாரம் கேட்பதே நமக்கு அழகு. சொல்பவர் பெரியவரா சிறியவரா என்று பாராமல் சான்றை எடைபோடவும், உண்மையென அறிந்ததை அவையில் எடுத்துரைக்கவும் நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.