வீட்டில் ஓடிய ப்ராஜெக்ட் பள்ளிக் கணினியில் திறக்காதது ஏன்? தவிர்ப்பது எப்படி?

கேரள - தமிழ்நாடு எல்லையோரம், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இருக்கிறது ஒற்றசேகரமங்கலம். அங்குள்ள ஒரு மாணவி வீட்டு லேப்டாப்பில் ஒரு வாரம் உட்கார்ந்து ப்ராஜெக்ட் செய்து, பென் டிரைவில் பள்ளிக்குக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஃபைல் திறக்கவில்லை. வைரஸ் இல்லை, பென் டிரைவும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் என்னதான் பிரச்னை?

பெரும்பாலும் பதிப்பு எண்தான்.

புதியது பழையதைத் திறக்கும், பழையது புதியதைத் திறக்காது

புதிய மென்பொருளை உருவாக்குபவர்களுக்குப் பழைய ஃபைல் எப்படி இருக்கும் என்று தெரியும். அதனால் அதைத் திறக்க வழி செய்துவிடுவார்கள். ஆனால், பழைய மென்பொருளை எழுதியபோது புதிய ஃபைல் வடிவமே பிறந்திருக்காது. இவ்வளவுதான் விஷயம்.

குழந்தைகள் பயன்படுத்தும் ஸ்கிராட்ச் இதற்கு நல்ல உதாரணம். முதல் பதிப்பின் ஃபைல்கள் '.எஸ்பி' என முடியும். 2013-ல் வந்த 2.0 பதிப்பில் அது '.எஸ்பி2' ஆனது. 2019 ஜனவரியில் வந்த 3.0-ல் '.எஸ்பி3' ஆனது. 3.0 மூன்றையுமே திறக்கும். ஆனால் 2.0-ல் எஸ்பி3 ஃபைல் திறக்காது. ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றிப் பார்த்தாலும் பலன் இல்லை, உள்ளே இருக்கும் அமைப்பே வேறு.

கேரளப் பள்ளிகளில் என்ன நிலை?

2001-ல் 'ஐடி@ஸ்கூல்' என்று தொடங்கிய திட்டம், 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. இது பள்ளிகளுக்கு உபுண்டு அடிப்படையிலான கட்டற்ற இயங்குதளத்தைத் தருகிறது. 18.04 பதிப்பு 2019-ல் வந்தது, 22.04 பதிப்பு 2024-ல் வந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவே பைத்தான் மாறிவிட்டது. உபுண்டு 18.04-ல் இயல்பாக இருப்பது பைத்தான் 3.6. 22.04-ல் இருப்பது 3.10. (பத்து, ஆறைவிடப் பெரியது. இதைத் தசம எண்ணாகப் படித்து 3.10 பழையது என்று குழம்ப வேண்டாம்.) 'மேட்ச்' என்ற கட்டளை 3.10-ல்தான் வந்தது. அதை வைத்து எழுதிய நிரலைப் பழைய கணினியில் ஓட்டினால், முதல் வரி கூட ஓடாமல் 'சின்டாக்ஸ் எரர்' என்று நின்றுவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டு 12-ம் வகுப்பில் பைத்தான் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு?

விஷுவல் ஸ்டுடியோ 2012 முதல், 2010 எஸ்பி1-ல் செய்த பல ப்ராஜெக்டுகளை மாற்றாமலேயே இரண்டு பதிப்பிலும் திறக்க முடிகிறது. ஆனால் சி++ ப்ராஜெக்டைப் புதிய பதிப்பில் திறந்தால், 'புதிய கருவித் தொகுப்புக்கு மாற்றவா?' என்று ஒரு பெட்டி வரும். யோசிக்காமல் 'ஓகே' கொடுத்தால், பழைய பதிப்பு வைத்திருக்கும் சக ஊழியரால் அந்த ப்ராஜெக்டை பில்ட் செய்ய முடியாமல் போகலாம். குழுவில் எல்லோரும் மாறும்வரை 'வேண்டாம்' என்பதே பாதுகாப்பு.

அப்படியானால் எப்போதும் பழைய வடிவமே நல்லதா?

இல்லை. 2020-ல் இங்கிலாந்து பொது சுகாதாரத் துறை, கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியது. அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். அதற்கு மேல் இருந்தவை விடுபட்டன. 15,841 தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் வராமல் போனார்கள், அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவதும் தாமதமானது. பழைய வடிவத்தில் சேமிக்கும் முன் அதன் எல்லை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* தொடங்கும் முன், ப்ராஜெக்ட் கடைசியில் எந்தக் கணினியில் ஓட வேண்டும் என்று கேளுங்கள். அதில் உள்ள பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

* பல கணினிகள் என்றால், அவற்றில் மிகப் பழையதையே அடிப்படையாக வையுங்கள். முடிந்தால் அதே பதிப்பை வீட்டிலும் நிறுவுங்கள்.

* பழைய ஃபைலைப் புதிய மென்பொருளில் திறக்கும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒருமுறை புதிய வடிவத்தில் சேமித்தால் பின்னால் போக வழி இருக்காது.

* எந்தப் பதிப்பில் செய்தது என்பதை ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே போடுங்கள்.

* ஸ்கிராட்ச் என்றால், பிளாக்குகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஃபைல் திறக்காவிட்டாலும், படத்தைப் பார்த்து மறுபடி அடுக்கிவிடலாம்.

முக்கியமாக, சமர்ப்பிக்கும் நாளுக்கு முன்பே ஒருமுறை பள்ளிக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். அன்று திறக்கவில்லை என்றால் சரிசெய்ய நேரம் இருக்கும்.