ஸ்கடர் வீட்டுப் பிள்ளைகள்

யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் 1820 முதல் ஊழியம் செய்த அமெரிக்க மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கடர், ஹாரியட் தம்பதியின் மக்கள் இவர்கள். இவர்களில் ஹென்றி மார்ட்டின் 1822இல் அங்கேயே பிறந்தார். அக்கால மிஷனரி வீடுகளின் வழக்கப்படி, பிள்ளைகள் சிறுவயதிலேயே படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர்; பெற்றோர் முகம் பாராமலே பல ஆண்டுகள் கழிந்தன. மிஷன் வரலாறுகள் இதைப் பெற்றோரின் தியாகமாகவே எழுதும். பிள்ளைகளின் தரப்பு அவற்றில் அரிது. ஆயினும் ஏழு ஆண்மக்கள் மிஷனரிகளாகவே கடல் கடந்து திரும்பினர். ஹென்றி, வில்லியம், ஜோசப் மூவரும் 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவினர். எழுவரில் இளையவரான, தந்தையின் பெயரே கொண்ட ஜானின் மகள் ஐடா 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். குடும்பத் தொழிலே வேண்டாமென்றிருந்தவர் அவர்; பிரசவத்துக்குப் பெண் மருத்துவரின்றி ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்ததைக் கண்டு மனம்மாறி மருத்துவம் படித்தார். வேலூர் மருத்துவக் கல்லூரி அவர் நிறுவியதே.