கடையில் இல்லாத பொருளும் களவுப் பிரதியும்

அகதிகளாய் இந்நாடுகளுக்கு வந்து சேர்ந்த முதல் ஆண்டுகளில், எம் வீடுகளில் இருந்த கணனிகளில் விலை கொடுத்துப் பெற்ற மென்பொருள் எத்தனை? இவ்வினாவை எழுப்பினால் எம்மிற் பலர் தலைகுனிய நேரும். எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. இப்பழக்கம் ஒரு தேசம் முழுவதிலும் எவ்வாறு வேர்கொண்டது, பின்னர் எவ்வாறு தளர்ந்தது என்பதைப் போலந்தின் வரலாறு தெளிவாகக் காட்டுவதால், அதனை இங்கே எடுத்துரைக்கின்றோம்.

1981 டிசம்பர் 13 அன்று ஜெனரல் யருசெல்ஸ்கி போலந்தில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். வீட்டுக் கணனிகள் மேற்குலகிற் பரவத் தொடங்கிய காலமும் அதுவே. ஆயினும் போலந்து மக்களுக்கு அவை எட்டாக் கனியாயின. மேற்கு நாடுகள் கூடி அமைத்திருந்த கொக்கொம் என்னும் கட்டுப்பாட்டுக் குழு, உயர் தொழில்நுட்பம் கிழக்கு முகாமுக்குச் செல்வதை மட்டுப்படுத்தியது. உள்நாட்டு நாணயமான சுலோட்டியை வெளிநாட்டில் எவரும் ஏற்கவில்லை. டொலர் வைத்திருந்தோர் மட்டும் பெவெக்ஸ் என்னும் அரச கடைகளில் அட்டாரி கணனி வாங்கினர். அந்த டொலரிற் பெரும்பகுதி புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பியதே. காசு அனுப்பும் உறவும் அதை எதிர்பார்த்திருக்கும் வீடும் எமக்குப் புதியனவல்ல. ஏனையோர் மேற்கு ஜேர்மனியிலிருந்தோ பிரித்தானியாவிலிருந்தோ பயணப் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்தனர்.

கணனி கிடைத்தது, அதில் இயக்குவதற்கு மென்பொருள்? அதனை விற்கும் கடை நாட்டில் இல்லை என்றே கூறலாம். எனவே மக்கள் பிரதி செய்தனர். அக்காலத்தில் நிரல்கள் சாதாரண ஒலிநாடாவிற் கீச்சொலியும் இரைச்சலுமாய்ப் பதிந்திருந்தன. பாட்டுக் கசெற்றைப் போலவே அவற்றையும் இன்னொரு நாடாவிற் பதிந்துகொள்ள முடிந்தது. அரச வானொலியே நிரல்களை ஒலிபரப்பியதென்றால் நம்புவீர்களா? நேயர்கள் ஒலிப்பதிவுக் கருவியை வானொலியருகே வைத்து, வீட்டாரைப் பேசாதிருக்கச் சொல்லிக் காத்திருந்தனர். இடையில் ஓர் இரைச்சல் புகுந்தால் நிரல் முழுவதும் பாழ்.

தலைநகர் வார்சோவின் கிஷிபோவ்ஸ்கா வீதியில், பாடசாலைக் கட்டடம் ஒன்றில் வார இறுதிகளிற் கணனிச் சந்தை கூடியது. விற்போர் நிரல்களின் பட்டியலை விரித்து வைத்திருப்பர். விரும்பியதைச் சுட்டினால் அங்கேயே பிரதி எடுத்துத் தருவர். இதனைக் களவென்று சொல்லச் சட்டத்தில் தெளிவான சொல்லும் இருக்கவில்லை. நடைமுறையிலிருந்த பதிப்புரிமைச் சட்டம் 1952ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கணனி நிரல் என்ற பேச்சே அதில் இல்லை.

இதனாற் பெரிதும் நட்டமடைந்தோர் மேலைத்தேய நிறுவனத்தார் மட்டுமல்லர். உள்நாட்டில் இரவுபகலாய் உழைத்து நிரல் எழுதிய போலந்து இளைஞரின் ஆக்கமும் அதே சந்தையில் அதே விலைக்குப் போயிற்று. எழுதியவர் கைக்கு ஒன்றும் சேரவில்லை. எமது தமிழ் எழுத்துருக்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. விண்டோஸில் தமிழுக்கு முறையான இடம் விண்டோஸ் 2000 உடன்தான் வாய்த்தது. அதுவரை ஆர்வலர்கள் தம் சொந்த முயற்சியால் ஆக்கிய எழுத்துருக்கள் பிளொப்பிகளிற் கைமாறின. அவற்றால் எத்தனையோ மடல்களையும் மலர்களையும் அச்சிட்டோம். ஆக்கியவர் யாரெனக் கேட்டறிந்தோர் மிகச் சிலரே.

போலந்துக்குத் திரும்புவோம். 1989இல் ஆட்சி மாறியது. 1994 பெப்ரவரி 4 அன்று நிறைவேறிய புதிய பதிப்புரிமைச் சட்டம் கணனி நிரல்களுக்கும் பாதுகாப்பளித்தது; மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. கொக்கொம் குழுவும் அவ்வாண்டு மார்ச்சிலேயே கலைக்கப்பட்டிருந்தது. ஆயினும் சட்டம் வந்த மறுநாளே பழக்கம் மாறிவிடவில்லை. சந்தை தொடர்ந்தது, நாடாவின் இடத்தை இறுவட்டு பிடித்துக்கொண்டது.

அச்சந்தையைத் தம் இளமையில் நன்கறிந்த மார்ச்சின் இவின்ஸ்கி, மிஹாவ் கிச்சின்ஸ்கி என்னும் இரு பள்ளித் தோழர்கள், 1994இல் சி.டி. புரொஜெக்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். களவுப் பிரதியோடு போட்டியிடுவதாயின் அதிலில்லாத ஒன்றைக் கொடுக்க வேண்டுமென்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கனடிய நிறுவனமொன்று ஆக்கிய போல்டர்ஸ் கேற் என்ற விளையாட்டை 1999இற் போலந்து மொழியில் வெளியிட்டனர். பியோத்ர் புரொன்செவ்ஸ்கி போன்ற புகழ்பெற்ற நடிகர்கள் குரல் கொடுத்தனர். பெட்டிக்குள் வரைபடமும் விதிநூலும் இசைத்தட்டும் இருந்தன. விளையாட்டு ஐந்து இறுவட்டுகளில் அடங்கியிருந்தமையாற் பிரதி எடுப்போனுக்கும் செலவு மிகுந்தது. முதல் நாளிலேயே 18,000 பெட்டிகள் அனுப்பப்பட்டதாக அந்நிறுவனத்தார் பின்னாளிற் கூறினர். தம் மொழியிற் பேசும் விளையாட்டுக்கு மக்கள் பணம் கொடுத்தனர் என்பதே இதிலே எம் கவனத்தை ஈர்ப்பது.

அவர்களே 2008இற் பழைய விளையாட்டுகளை இணையத்தில் விற்கத் தொடங்கினர். பிரதி செய்வதைத் தடுக்கும் பூட்டு எதனையும் அவற்றில் இடவில்லை. கிஷிபோவ்ஸ்கா சந்தையில் எந்தப் பூட்டும் நிலைக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.