கர்ப்பகாலத்து நமைச்சலின் சரித்திரம்

கருவுற்ற ஸ்திரீகளுக்குக் கடைசி மாதங்களில், தோலில் தடிப்பு எதுவுமின்றியே உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி, இராக்காலத்து நித்திரையைப் பறித்துவிடும் கொடிய நமைச்சலை, பிரசவத்தோடு அது தானே விலகிவிடுகிறது என்ற காரணத்தால், வைத்திய உலகம் நெடுங்காலம் அற்பமாகவே எண்ணியது வருந்தத்தக்கது.

1883-இல் ஜெர்மானிய மகப்பேற்று வைத்தியரான ஆல்ஃபெல்ட், கர்ப்பந்தோறும் மீண்டு வந்து பிரசவத்துக்குப் பின் மறையும் காமாலையை வர்ணித்தார்; அதுவும் இந்நமைச்சலும் ஒரே நோயின் குறிகளே. 1950-களில் ஸ்வீடன் தேசத்தின் ஸ்வான்போர்க், தோர்லிங் ஆகியோரின் ஆராய்ச்சிகளால், கல்லீரலுக்குள்ளேயே பித்தநீரின் ஓட்டம் தடைப்படுவதுதான் இந்நோயின் மூலகாரணம் என்பது தெளிவாயிற்று.

ஆயினும் இச்சரித்திரத்தின் வியப்பான அத்தியாயம் சிலி தேசத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் நூற்றில் ஓரிருவருக்கே காணும் இந்நோய், ஹும்பெர்த்தோ ரெயெஸ் முதலானோர் 1978-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே மாபுச்சே என்னும் அரௌகானிய வம்சத்து ஸ்திரீகளில் நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்டோரை வாட்டியது. வம்சமே காரணம் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அதே நாட்டில், அதே மக்களிடையே, அடுத்த இருபதாண்டுகளில் இது வெகுவாகக் குறைந்தது. பரம்பரை அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லையாதலால், ஆராய்ச்சியாளர் ஆகாரத்திலுள்ள செலினியம் என்னும் தாதுவின் குறைவின் பக்கம் பார்வையைத் திருப்பினர். அத்தாது உடலில் குறையும் குளிர்காலத்தில் நோய் மிகுவதும் அவ்வூகத்துக்குத் துணைநின்றது.

தாய்க்குப் பெரும்பாலும் நமைச்சலே வேதனை; பேராபத்து சிசுவுக்கே. பித்தநீர் தடைப்படுவதால் இரத்தத்தில் சேரும் பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலை எட்டும்போது சிசு வயிற்றிலேயே மரிக்கும் அபாயம் உயர்கிறது என்பது 2019-இல்தான் திட்டமாக அளவிடப்பட்டது.