இரு திருமணங்களும் மாத்தளைச் சீட்டும்

1486 ஜனவரியில் லண்டனில் ஒரு திருமணம். 1594இல் கண்டியில் ஒரு திருமணம். இரண்டு மாப்பிள்ளைகளும் போர்க்களத்திலிருந்து வந்தவர்கள். முடியை வாள் வாங்கித் தந்தது. அதற்கான உரிமையைப் பெண்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

போஸ்வர்த் களத்தில் இங்கிலாந்து அரசன் மூன்றாம் ரிச்சர்டு வீழ்ந்தபின் ஏழாம் ஹென்றி மணந்தது யார்க் குலத்து எலிசபெத்தை. அவளுடைய தம்பிமார் இருவரும் லண்டன் கோபுரத்துக்குள் காணாமற்போயிருந்தார்கள். குலத்தின் உரிமை அவளிடமே மிஞ்சியது. ஆனால் மனைவியால் அரசனானவன் என்ற பெயர் ஹென்றிக்கு ஆகாது. தனக்கு முதலில் முடிசூட்டிக்கொண்டுதான் மணவறைக்குப் போனான். அவளுக்கு முடிசூட்டு விழா 1487 நவம்பரில்தான்.

கண்டியில் அந்த வெட்கமெல்லாம் இல்லை. கரலியத்த பண்டாரவின் மகள் குசுமாசனாதேவி, போர்த்துக்கேயரிடம் வளர்ந்து தோனா கதரீனா ஆனவள். அவளை அரியணையில் அமர்த்த வந்த படையைத் தந்துரேயில் முறியடித்து அவளையே மணந்தான் கொனப்பு பண்டார, விமலதர்மசூரியன் ஆனான். 1604இல் அவன் இறக்க, துறவு நீங்கிவந்த உறவினன் செனரத் ஆட்சிக்கு வந்தான். அவனும் அவளையே மணந்தான். அரசர் மாறினர், அரசி மாறவில்லை.

எலிசபெத் சொந்தமாகச் சொல்லிவைத்தது சொற்பம். அந்த மௌனத்தை ஃபிலிப்பா கிரெகரி 2013இல் ‘தி வைட் பிரின்செஸ்’ நாவலில் அவள் குரலாலேயே நிரப்பினார். கதரீனாவின் துயரமோ 1672இல் அச்சான டச்சுப் பாதிரி பால்டேயுஸின் நூல் வழியாகப் பெரிதும் நமக்கு வருகிறது. அந்நியன் எழுதியது என்பதால் கவனமாகப் படிக்க வேண்டும். ஆனாலும் அரைவாசி நாவல் அங்கே ஏற்கெனவே கிடக்கிறது.

உண்மையான பிரிவு பிள்ளைகள் காலத்தில் வருகிறது. எலிசபெத்தின் மகன் எட்டாம் ஹென்றிக்கு நாடு முழுதாகக் கிடைத்தது. கதரீனா 1613இல் இறந்தபின், செனரத் இளவரசர் மூவருக்காக நாட்டை மூன்றாக்கினான். பகுதிகளின் பெயரை ஓலையில் எழுதிச் சீட்டுப் போட்டதாக இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்லும். ஊவா குமாரசிங்கனுக்கு, மாத்தளை விஜயபாலனுக்கு, மலைநாட்டின் நடுப்பகுதி இளையவன் இராசசிங்கனுக்கு. தலைநகர் இளையவன் கைக்குப் போன அந்தச் சீட்டு எவ்வளவு தற்செயலானது என்று கேட்கத் தோன்றுகிறது.

1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயரை அழித்தபோது விஜயபாலனும் தம்பியும் ஒரே அணியில் நின்றார்கள். பிறகு மோதல்; மாத்தளை பறிபோனது. நான் நாவல் எழுதுவதென்றால் இங்கேதான் தொடங்குவேன், விஜயபாலனைக் கதைசொல்லியாக வைத்து. தாயை வளர்த்த போர்த்துக்கேயரிடமே அவன் அடைக்கலம் புகுந்தான். கோவாவுக்குப் போய்க் கிறிஸ்தவனாகி, அங்கேயே இறந்தான்.