புகைமூட்டமும் வீட்டுப் புகையும்: மலாக்காத் தமிழர் வாழிடங்களை முன்வைத்து

2013 ஜூன் 23 அன்று மலேசியாவின் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாய நிலை. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பக்கத்து மலாக்காவில் பள்ளிகள் மூடப்பட்டன. நீரிணைக்கு அப்பால் இந்தோனேசியாவின் ரியாவில் கரிமண் நிலங்கள் எரிந்துகொண்டிருந்தன. அங்கே தீ பெரும்பாலும் கொழுந்துவிடுவதில்லை. போதிய ஆக்சிஜன் இல்லாமல் மண்ணுக்குள்ளேயே கனன்று, நாள்கணக்கில் புகையைக் கக்குகிறது.

அந்தப் புகைக்கு ஓர் எண் இருந்தது, எச்சரிக்கை இருந்தது. ஆண்டு முழுவதும் வீட்டுக்குள் சூழும் புகைக்கு இரண்டுமே இல்லை. மலாக்காவின் புக்கிட் ரம்பாய் காற்றுத்தர நிலையம் அளப்பது வெளிக்காற்றை மட்டுமே. மலாக்காத் தோட்டங்களிலும் அடுக்குமாடிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் உடல்நலத்துக்கு இந்த இரண்டாவது புகையே அன்றாடக் கேடு என்பதும், அளக்கப்படாததால்தான் அது பொருட்படுத்தப்படுவதில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எரிபொருள் முழுதாக எரிந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியுமே மிஞ்சும். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு, பென்சோ பைரீன், நுரையீரலின் அடியாழம்வரை செல்லும் நுண்துகள்கள் ஆகியவை பிறக்கின்றன. கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினைப் பற்றுகிறது. பென்சோ பைரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் உறுதியான முடிவு.

மலாக்காத் தமிழருக்கு இப்புகை தொழில்வழியாகவும் பழகியதுதான். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார்; மலாயாவின் வணிகமுறை ரப்பர்ப் பயிரிடல் அங்கே தொடங்கியது. பின்னர் தோட்டந்தோறும் புகைக்கூடம் எழுந்தது. கித்தா எனப்படும் ரப்பர்த் தகடுகளை அதில் நாள்கணக்கில் தொங்கவிட்டு விறகுப் புகையில் உலர்த்துவார்கள். புகையில் உள்ள சேர்மங்கள் பூஞ்சணம் பிடிக்காமல் காத்தன. தகட்டுக்கு நன்மை செய்த புகையைத் தொழிலாளர் சுவாசித்தார்கள். தென் தாய்லாந்தின் ரப்பர்த் தகட்டுக் கூடங்களில் அண்மைக் காலத்தில் அளந்த ஆய்வாளர்கள், தொழிலாளர் சுவாசிக்கும் காற்றில் பென்சோ பைரீன் வகைச் சேர்மங்களைக் கண்டறிந்துள்ளனர். மலாக்காவின் பழைய புகைக்கூடத் தொழிலாளரின் நுரையீரலும் ஆய்வுக்குரியதே. அவர்களில் உயிரோடிருப்போர் முதுமை அடைந்துவிட்டதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கித்தா போய்ச் செம்பனை வந்தது. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் விறகடுப்பின் இடத்தில் கேஸ் அடுப்பு வந்தது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் கொசுவத்தி போகவில்லை. சீனாவின் நான்கு வகைகளையும் மலேசியாவின் இரண்டு வகைகளையும் சோதித்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடான நுண்துகளை வெளியிடுவதாகக் கணக்கிட்டது. காரணம் எளிது. சுருளில் பூச்சிமருந்து நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் மரத்தூள் போன்ற மெதுவாகக் கனலும் பொருள். கொசுவுக்காகச் சன்னலைச் சாத்திய அறையில், குழந்தையின் தலைமாட்டில், விடியவிடிய அது எரிகிறது. அந்த அறையின் காற்றை அளந்தால் ஒப்பிட ஓர் அளவுகோல் உண்டு: 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம் நுண்துகளே வரம்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுப் பரிந்துரை.

ஆளுக்கு மிக அருகில் எரியும் சிறு தீ, தொலைவிலுள்ள பெருந்தீயைவிட அதிகமாக ஒருவரின் நுரையீரலுக்குள் செல்லக்கூடும். குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள்மீதே கருவி பொருத்தி அளந்து, 1983இல் ஆய்வாளர் கிர்க் ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவுகள் உலகின் கவனத்தை அடுப்படிக்குத் திருப்பின.

சட்டம் இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது. மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. கொல்லையில் பிளாஸ்டிக் குப்பைக்குத் தீ வைப்பதும் அதில் அடங்கும். அறைக்குள் கனலும் சுருளை அது தொடுவதில்லை. தடை போடுவதும் இங்கே தீர்வன்று. டெங்கிக்கு அஞ்சும் தாயிடம் சுருளை மட்டும் பறிப்பது அநியாயம். கொசுவலையும் சன்னல் வலையும் மலிவு விலையில் கிடைக்க வேண்டும், சுருள் பெட்டியின்மேல் நுண்துகள் அளவு அச்சாக வேண்டும். ஆஸ்துமாவோடு வரும் பிள்ளையின் பெற்றோரிடம், இரவில் அறைக்குள் என்ன எரிகிறது என்று அரசுக் கிளினிக்குகள் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். இந்தப் பதிவுக்குக் கருவிகூடத் தேவையில்லை.