குப்பைமேட்டில் புதைந்த விளையாட்டுகள்

இலவசமாக இறக்கிய ஒரு கேம் பத்தாவது நிமிடத்திலேயே உங்களிடம் காசு கேட்கிறதா? "இந்தக் காலத்துப் பேராசை" என்று பலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலம் மட்டும் எப்படி இருந்தது என்று தேடிப் படித்தேன். லாபமா தரமா என்ற இழுபறி உங்களையும் என்னையும்விட மூத்தது.

அமெரிக்காவில் 1972-இல் நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1976-இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் அதை வாங்கியது. அடுத்த ஆண்டு வந்த கன்சோல் வீட்டுத் தொலைக்காட்சியை விளையாட்டுத் திடலாக்கியது. பணம் கொட்டியது. ஆனால் கேமை உருவாக்கியவரின் பெயர் பெட்டியில் இல்லை. விற்பனையில் பங்கும் இல்லை. மனம் கசந்த நான்கு நிரலாளர்கள் வெளியேறினார்கள். 1979-இல் ஆக்டிவிஷன் பிறந்தது.

1982-இல் அட்டாரி 'இ.டி.' திரைப்படத்தை கேமாக்க உரிமை வாங்கியது. கிறிஸ்துமஸுக்கு முன் கடைக்கு வந்தாக வேண்டும். பல மாதம் பிடிக்கும் வேலைக்கு ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். அவர் திறமையில்லாதவர் அல்ல. 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்ற நல்ல கேமை முன்பே செய்தவர். இல்லாமல் போனது நேரம்தான்.

அந்த ஒரு கேம் மட்டும் சந்தையைக் கவிழ்க்கவில்லை. ஆளாளுக்கு அவசரமாகச் செய்த கேம்கள் கடைகளில் குவிந்தன. எது நல்லது என்று வாங்குபவருக்குத் தெரியவில்லை. 1983-இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. விற்காத கார்ட்ரிட்ஜ்களை அட்டாரி லாரிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தது. 2014-இல் தோண்டியபோது 'இ.டி.'யும் வேறு பல கேம்களும் வெளியே வந்தன.

1985-இல் ஜப்பானின் நின்டெண்டோ தன் கன்சோலை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. அனுமதி இல்லாத கார்ட்ரிட்ஜைத் தடுக்க உள்ளே ஒரு சிப். பெட்டியில் தர முத்திரை. வெளி நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து கேம் என்ற வரம்பு. இதைத் தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள். கார்ட்ரிட்ஜைச் செய்து கொடுப்பதும் நின்டெண்டோதான். அதிலும் அதற்கு வருமானம். என் கணிப்பு இதுதான்: அன்று முதலில் காசு கொடுத்துத்தான் விளையாட முடியும். கேம் மோசமென்றால் அடுத்ததை யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் லாபமே தரத்துக்குக் காவலாக நின்றது.

அந்தக் கணக்கு 2009-இல் தலைகீழானது. இலவச ஐபோன் செயலிகளுக்குள்ளும் பொருள் விற்கலாம் என்று ஆப்பிள் அனுமதித்தது. இனி முதலில் விளையாட்டு, பிறகு காசு. 'எப்படி ரசிக்க வைப்பது?' என்ற கேள்விக்குப் பக்கத்தில் 'எந்த இடத்தில் வழிமறிப்பது?' என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்தது. 2016-இல் 'சூப்பர் மாரியோ ரன்' ஒருமுறை மட்டும் காசு கேட்டது. 20 கோடிக்கும் மேற்பட்ட முறை இறக்கப்பட்டும் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று 2017-இல் நின்டெண்டோ சொன்னது. அதே ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட 'ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ்' இலவசம். ஆனால் பாத்திரங்களைப் பெறுவது குலுக்கல் முறையில்.

அதற்காக நாம் கையாலாகாதவர்கள் இல்லை. 2017-இல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' கேமின் அதிர்ஷ்டப் பெட்டிகளை எதிர்த்து விளையாடுபவர்கள் கொதித்தார்கள். வெளியீட்டுக்குச் சற்று முன் இ.ஏ. நிறுவனம் காசுக்கு விற்பதை நிறுத்திவைத்தது. 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், சில கேம்களின் இத்தகைய பெட்டிகள் சட்டத்துக்கு முரணான சூதாட்டம் என்றது.

ஆகவே காசு கேட்கும் பொத்தான் வரும்போது ஒரு கணம் நில்லுங்கள். நல்ல கேம் என்றால் தாராளமாகக் கொடுங்கள். செய்தவருக்கும் வயிறு உண்டு. முடிவில் பெயர்ப் பட்டியல் ஓடினால் உடனே அணைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் அந்த மரியாதைக்காகவே நான்கு பேர் நல்ல வேலையை உதறிவிட்டு வந்தார்கள்.